காட்டுவழி வண்டி கட்ட எங்கே கற்பது?

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் வருகிறவர்களுக்குப் புதுச்சேரி எல்லை கனகசெட்டிக்குளத்தில் தொடங்குகிறது. சனிக்கிழமை காலையில் ரோட்டோரம் நின்றால், தூக்கிக் கட்டிய தார், ஜிப்சி ஜீப்புகள் தடித்த டயர் இரைய வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். என் பட்டறை இந்த ஊரில்தான். லேத், வெல்டிங், ஃபேப்ரிகேஷன். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்து, சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் பல வருஷம் வேலை பார்த்த பிறகு சொந்தமாகப் போட்டது.

இங்கே வரும் பையன்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அண்ணே, வண்டிய நாலு இஞ்ச் தூக்கணும், எவ்ளோ ஆவும்?" எப்போதாவது ஒருவன் வேறு மாதிரி கேட்பான்: "அண்ணே, இத நானே கட்டக் கத்துக்கணும்னா எங்க போவணும்?" அந்த இரண்டாவது பையனுக்காகவும், அவனைப் போன்ற பெண்பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன். அவர்களுக்கு வேண்டிய படிப்பு தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கிடைக்கிறது. பாதிக்கு மேல் இலவசம். எதை முதலில் படிப்பது, எதைப் பிறகு படிப்பது என்று எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

முதலில், இந்தத் தொழிலில் உயர்நிலைப் படிப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். வண்டியில் ஒரு பாகத்தைப் பலப்படுத்தினால் உடையும் இடம் அடுத்த பாகத்துக்கு நகரும். அந்த அடுத்த பாகம் எது என்று வண்டியைத் தொடுவதற்கு முன்பே சொல்லத் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் ஸ்பேனர் பிடிக்கும் வேலை.

ஜிப்சியை எடுத்துக்கொள்வோம். கம்பெனி கொடுத்த டயர் 205/70 ஆர்15. அதன் விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். பையன்கள் ஆசைப்படுவது 31 இஞ்ச் டயர், அதாவது 787 மில்லிமீட்டர். விட்டம் 18 சதவீதம் கூடுகிறது. மீட்டரில் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 70-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். சக்கரம் பெரிதானதால் தரையில் கிடைக்கும் இழுவிசை சுமார் 15 சதவீதம் குறையும். பிரேக்கும் அதே கணக்கில் பலவீனமாகும். டிரம், டிஸ்க் எதுவும் மாறவில்லை, அது பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரம்தான் பெரிதாகிவிட்டது. போன இழுவையைத் திரும்பப் பெற கிரவுன்-பினியன் பல் விகிதத்தை மாற்றுகிறார்கள். இப்போது ஆக்சில் ஷாஃப்ட்டில் ஏறும் முறுக்குவிசை கூடுகிறது. அதற்கு மேல் டிஃபரன்ஷியலுக்கு லாக் போட்டால், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க மறு சக்கரம் பாறை இடுக்கில் சிக்கும்போது, முழு முறுக்கும் அந்த ஒற்றை ஷாஃப்ட்டில் போய் நிற்கும். சாதா டிஃபரன்ஷியலில் இந்த ஆபத்து இல்லை. அது இரண்டு பக்கத்துக்கும் சமமாகவே முறுக்கைக் கொடுக்கும். ஒரு சக்கரம் காற்றில் சுற்றினால் மறு பக்கத்துக்கும் அந்த அளவு சொற்ப விசைதான். அதனால்தான் வண்டி நகர மறுக்கிறது, அதனால்தான் ஷாஃப்ட்டும் பிழைக்கிறது. டயரில் ஆரம்பித்த கதை ஆக்சிலில் முடிவதை ஒரு பேப்பரில் எழுதிப் பார்க்கத் தெரிந்தவன் பாதி கற்றுவிட்டான்.

இதற்கான அடிப்படையை ஐ.டி.ஐ.யில் கற்றுக்கொள்ளலாம். புதுச்சேரியில் மேட்டுப்பாளையத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பிட்டர் என்றால் 2 வருஷம், வெல்டர் 1 வருஷம், மோட்டார் வாகன மெக்கானிக் 2 வருஷம். பொறியியல் பட்டதாரிகள்கூட இந்தப் பாடப்புத்தகங்களை ஒருமுறை வாசிக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்வேன். சென்னை கிண்டியில் உள்ள தேசியப் பயிற்றுக்கருவி நிறுவனம், நிமி என்று சொல்வோம், 1986-ல் ஜெர்மன் அரசின் உதவியோடு தொடங்கப்பட்டது. நாடு முழுக்க ஐ.டி.ஐ.களுக்கான புத்தகங்களை அதுதான் தயாரிக்கிறது. தமிழிலும் வெளியிடுகிறது. பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் நிறையப் புத்தகங்களைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். வெர்னியர் பிடிப்பது, அரம் போடுவது, கோணம் குறிப்பது என்று ஒவ்வொரு பயிற்சிக்கும் படம் போட்டு, எத்தனை மில்லிமீட்டர் விலகல் வரை ஏற்கலாம் என்று எழுதியிருக்கும். அந்த விலகல் அளவைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிற பழக்கம் வராமல் காட்டுவழி வண்டியில் கைவைக்கக் கூடாது.

அடுத்து, ஒரு பழைய வண்டியைப் பிரித்துப் பூட்ட வேண்டும். நம் மண்ணில் இதற்கு முன்னோடி ஜி.டி. நாயுடு. 1893-ல் கலங்கலில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயம்புத்தூரில் ஓட்டல் வேலை செய்து பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பூட்டித் தொழில் கற்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். அவரிடம் புத்தகமும் இல்லை, வாத்தியாரும் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு என்பதால் நம் வேலை அவருடையதைவிட எளிது.

ஜீப்பைப் பிரிப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அமெரிக்க ராணுவம் 1944-ல் வெளியிட்ட டி.எம். 9-803 என்ற கையேட்டைத்தான். வில்லீஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப்புகளுக்கானது. அரசாங்க வெளியீடு என்பதால் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை, யாரும் இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். மெக்கானிக் வேலை தெரியாத பையன்களைச் சில வாரங்களில் மெக்கானிக் ஆக்க வேண்டிய நெருக்கடியில் எழுதப்பட்ட நூல். அதனால் எதையும் 'உங்களுக்கே தெரியும்' என்று விட்டுவிடாது. இன்ன போல்ட்டை முதலில் கழற்று, இந்த வாஷரை இப்படித் திருப்பி வை, இத்தனை மைலுக்கு இந்த இடத்தில் கிரீஸ் அடி என்று வரிவரியாகப் போகும். நம் பழைய மகிந்திரா ஜீப்புகள் வில்லீஸ் வம்சம் என்பதால் படத்தையும் வண்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிக்கலாம். அந்த ஜீப்பின் முதல் மாதிரியை பாண்டம் என்ற சின்ன கம்பெனி 1940-ல் 49 நாள் கெடுவுக்குள் ராணுவத்திடம் ஒப்படைத்தது. கைக்குக் கிடைத்த கார் பாகங்களை எடுத்து, மற்றதைப் புதிதாக வரைந்து கட்டிய வண்டி அது. இன்று நாம் செய்ய விரும்புவதும் அதே வகை வேலைதான்.

பழைய ஜீப்பைத் தூக்குவதற்கு ஒரு நாட்டுவழி உண்டு. ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் கமான் பட்டையைக் கழற்றி மேலே வைத்துக் கட்டிவிடுவார்கள். ஒரே நாளில் வண்டி ஜாம்ஜாமென்று உயர்ந்து நிற்கும். அன்று சாயங்காலம் ஸ்டியரிங் ராடு சரிந்து நிற்பதை யாரும் பார்ப்பதில்லை. பள்ளத்தில் இறங்கும்போது அந்தச் சரிவால் வண்டி தானே திரும்பும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி ஜாயிண்ட் தேயும். பிரேக் ஹோஸ் இழுபட்டு நிற்கும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் பட்டை முறுக்கிக்கொள்ளும். இந்த நாலையும் சரிசெய்த பிறகுதான் அந்த வேலை முடிந்ததாக அர்த்தம். நாலுக்கும் சேர்த்து வரும் செலவு தூக்குவதற்கான செலவைப் போலப் பல மடங்கு.

ஏன் இப்படி ஆகிறது என்று அறிய வாகன இயக்கவியல் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். கிருஷ்ணகுமார் நடத்திய வாகன இயக்கவியல் பாடம் என்.பி.டி.இ.எல். இணையத் தொகுப்பில் முழுதாக இருக்கிறது. பார்க்கக் காசு வேண்டாம். ஆங்கிலத்தில்தான் பேசுகிறார், கணக்கும் உண்டு. அதற்குப் பயந்து ஓட வேண்டாம். டயர் பற்றிய பாடங்களை மட்டுமாவது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்; ரப்பர் தரையைப் பிடிப்பதும் வழுக்குவதும் எப்படி என்பதில்தான் மீதி எல்லாம் நிற்கிறது. புத்தகம் வேண்டுமென்றால் தாமஸ் கில்லெஸ்பி 1992-ல் எழுதிய வாகன இயக்கவியல் அடிப்படை நூலைப் பொறியியல் கல்லூரி நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். எங்களுக்குப் பக்கத்தில் பிள்ளைச்சாவடியில் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பட்டப்படிப்பே ஆட்டோமொபைலில் வேண்டும் என்பவர்களுக்கு 1949-ல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி. உண்டு.

இனி நான் அதிகம் மதிக்கும் பாடப்புத்தகம். அது ஒரு போட்டியின் விதிப்புத்தகம்.

பாஹா என்ற மாணவர் போட்டி 1976-ல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இந்தியாவில் எஸ்.ஏ.இ. இந்தியா அமைப்பு 2007-லிருந்து நடத்துகிறது. மத்தியப் பிரதேசத்து பீதம்பூர் அதன் முதல் களம். கல்லூரி மாணவர்கள் ஒரு ஆள் உட்காரும் காட்டுவழி வண்டியைத் தாங்களே வரைந்து, தாங்களே கட்டி, மேடு ஏற்றி, கடைசியில் 4 மணி நேரம் விடாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். பல வருஷங்கள் எல்லாக் குழுவுக்கும் ஒரே 10 குதிரைத்திறன் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின்தான் இருந்தது. பணக்காரக் கல்லூரி பெரிய இன்ஜின் வாங்கி ஜெயிக்க முடியாது. மூளையும் வெல்டிங்கும்தான் வித்தியாசம்.

அந்த விதிப்புத்தகத்தில் ஓட்டுநரைச் சுற்றிய கூண்டுக்கென்றே பக்கம் பக்கமாக இருக்கிறது. ஹெல்மெட்டுக்கும் குழாய்க்கும் நடுவே 152 மில்லிமீட்டர் இடைவெளி. 5 விநாடிக்குள் ஓட்டுநர் வெளியே வந்தாக வேண்டும். கூண்டின் முக்கியக் குழாய்க்கு வெளிவிட்டம் 25.4, சுவர்க் கனம் 3 மில்லிமீட்டர், கார்பன் 0.18 சதவீதத்துக்குக் குறையாத எஃகு. இதையே போட வேண்டும் என்றில்லை. வளைவுக்கு எதிரான விறைப்பிலும் பலத்திலும் இதற்குச் சமம் என்று கணக்குப் போட்டு நிரூபித்தால் வேறு குழாய் போடலாம். இந்த ஒரு வரியிலிருந்து ஒரு பையன் எவ்வளவு கற்கலாம் என்று பாருங்கள். 25.4-க்கு 3 குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 1.66 கிலோ. 31.75-க்கு 1.6 குழாய் மீட்டருக்கு 1.19 கிலோதான். ஆனால் விறைப்புக் கணக்கில் இரண்டாவதுதான் கிட்டத்தட்ட 28 சதவீதம் மேல், ஏனென்றால் எஃகு மையத்திலிருந்து தள்ளி நிற்கிறது. 'கனமா இருந்தா ஸ்ட்ராங்கு' என்று சொல்லிக் கடையில் கிடைத்த ஜி.ஐ. பைப்பை வளைத்துக் கூண்டு கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவேன். மெல்லிய சுவரில் பற்றவைப்பு கடினம் என்பதையும் சேர்த்தே சொல்வேன். கரண்ட் கொஞ்சம் கூடினால் ஓட்டை விழும், குறைந்தால் ஒட்டாது.

வெல்டிங்குக்கு அந்தப் புத்தகம் வைத்திருக்கும் சோதனை இரண்டு. கூண்டுக்குப் போட்ட அதே குழாயில், கூண்டைப் பற்றவைத்த அதே ஆள் இரண்டு மாதிரித் துண்டுகள் செய்ய வேண்டும். ஒன்று 90 பாகையில் சேர்த்தது. அதை உடையும்வரை இழுக்க வேண்டும். குழாய் கிழிந்தால் நல்லது, பற்றவைத்த இடமே பிரிந்து வந்தால் தோல்வி. மற்றது 30 பாகையில் சேர்த்தது. அதை நீளவாக்கில் அறுத்து, உருகிய உலோகம் சுவருக்குள் எவ்வளவு ஊடுருவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த இரண்டாவது சோதனையை என்னிடம் கற்க வருகிற எல்லாரையும் செய்யவைக்கிறேன். முதலில் ஒரு குழாயின் முனையை மற்றதன் வளைவுக்குப் பொருந்த வாய் வெட்ட வேண்டும். காகிதத்தில் அச்சு வரைந்து குழாயைச் சுற்றி ஒட்டி, கோட்டின் மேலேயே அறுத்து, அரத்தால் திருத்தினால் இடைவெளி மில்லிமீட்டருக்குக் குறைவாக வரும். 30 பாகையில் அந்த வாய் நாக்கு மாதிரி நீண்டு, நுனி தகடாகி நிற்கும். உட்கோணத்துக்குள் டார்ச் நுழையவே சிரமப்படும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் ராத்திரி வெட்டிவைத்த குழாய் காலையில் செந்நிறமாகிவிடும். அதை எமரியால் வெள்ளி மாதிரி தேய்க்காமல் பற்றவைத்தால் உள்ளே குமிழ் குமிழாகத் துளை விழும். பற்றவைத்து ஆறவிட்டு, நீளமாக அறுத்து, நைசான எமரிவரை தேய்த்து, ஆல்கஹாலில் சிறிது நைட்ரிக் அமிலம் கலந்த கரைசலைத் தடவினால் சில விநாடிகளில் பற்றவைப்பு தனி நிறத்தில் தெரியும். அதைச் சுற்றிச் சூடேறிய பகுதி இன்னொரு நிழலில் தெரியும். வெளியே அடுக்கடுக்காக அழகாக இருந்த கோட்டின் அடியில், வேர்ப்பகுதியில், இரண்டு சுவரும் ஒட்டாமல் மெல்லிய கருங்கோடு ஓடினால், அந்த வண்டி உருளும்போது கூண்டு பிரியும் இடம் அதுதான். (அமிலத்தைக் கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது. வீட்டில் செய்யவே கூடாது, கல்லூரி ஆய்வகத்தில் செய்யுங்கள்.)

வெல்டிங்கில் இன்னும் மேலே போக விரும்புகிறவர்கள் திருச்சிக்குப் போக வேண்டும். பெல் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் 1975-லிருந்து அங்கே இயங்குகிறது. வெல்டர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு நிலையம் பஸ் பிடித்துப் போகும் தூரத்தில் இருக்கும்போது, வெளிநாட்டு வீடியோவை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்திலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. பம்பருக்கு முன்னால் மாட்டும் புல் பார்களுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இந்தச் சட்டம் நல்லது என்பதே என் கருத்து. ஹெல்மெட் போடாமல் ஓட்டும் ரோட்டு வண்டியில் தலைக்கருகே கூண்டின் இரும்புக் குழாய் ஓடினால் சின்ன விபத்தில்கூட மண்டை உடையும். கோவாவில் 2014-லிருந்து மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரியான போட்டிகளுக்கென்று கட்டும் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள். ரோட்டுக்கு வேண்டுமென்றால் கம்பெனியே தகுதியோடு கொடுப்பதை வாங்குங்கள். 2020 தாரில் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக்கோடு வருகிறது. வண்டியில் ஒன்றும் மாற்றாமல் ஓட்டும் கையை மட்டும் பழக்கினாலே இவை போகாத இடம் குறைவு.

மணல் பாடத்துக்கு எங்கள் கடற்கரையில் தினமும் வகுப்பு நடக்கிறது. ஃபைபர் படகுகளைக் கரையேற்ற டிராக்டர் வரும். அகன்ற பின்டயர் மணலில் மேலாக மிதந்தாற்போல் போகும். பின்னாலேயே யாராவது காரை இறக்கினால் அச்சுவரை புதையும். மண்ணின் மேல் வரும் அழுத்தத்துக்கும் புதையும் ஆழத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்காக்கியவர் போலந்துக்காரர் எம்.ஜி. பெக்கர். 1956-ல் இதற்கென்றே நூல் எழுதினார். 1971-ல் நிலவில் ஓடிய வண்டியின் வடிவமைப்பிலும் அவர் பங்கு உண்டு. நமக்கு அதன் எளிய பயன், டயர் காற்றை 30-லிருந்து 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவது. டயர் தரையில் படியும் நீளம் கூடி, ஓரிடத்தில் இறங்கும் அழுத்தம் குறையும். ரோட்டுக்கு ஏறுமுன் திரும்ப நிரப்ப பம்ப் கையில் இருக்க வேண்டும். இதைக் கற்க எங்கள் கடற்கரைக்கு வண்டியை ஓட்டி வராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தை மாதத்திலிருந்து பங்குனி வரை ஆமைகள் முட்டையிட ஏறிவரும் மணல் இது, வலை காயும் இடமும் இதுதான். அனுமதியோடு தனியார் நிலத்தில் மணல் கொட்டிப் பழகலாம்.

கடைசியாக ஒரு பள்ளிக்கூடம். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலை ஏறும் ஜீப்புகள், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல் பாதையில் ஏறும் ஜீப்புகள். விளம்பரத்தில் வரும் பாகம் ஒன்றும் அவற்றில் இருக்காது. அந்த ஓட்டுநர்களுக்கும், வண்டியைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்குகளுக்கும் எந்தப் பாகம் எந்த மாசத்தில் போகும் என்பது அத்துப்படி. போனால் வணக்கம் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணாச்சி, போன மழைக்கு வண்டியில எது ஒடஞ்சுச்சு? எத வச்சு வீடு வந்து சேந்தீங்க?" என்று கேளுங்கள். ஒரு நோட்டும் டேப்பும் கையில் இருக்கட்டும். கமான் பட்டையில் எத்தனை தகடு, ஷேக்கிள் முன்பக்கமா பின்பக்கமா, ஸ்பேர் எதையெல்லாம் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள் என்று அளந்து வரைந்துகொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அந்தப் படத்தோடு என்னிடம் வந்தாலும் சரி, உங்கள் ஊர் லேத் பட்டறைக்குப் போனாலும் சரி.